பாலத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

திருநெல்வேலி ஜங்ஷனில் இருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினால் சில நிமிடங்களில் தாமிரபரணியைத் தாண்டிவிடலாம். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஆறு தெரியும், படித்துறை தெரியும், குளிக்கிறவர்கள் தெரிவார்கள். பஸ்ஸைத் தாங்கிக்கொண்டிருக்கும் பாலம் மட்டும் நம் கண்ணில் படாது. அதன் பெயர் சுலோசன முதலியார் பாலம். திறந்த ஆண்டு 1843. உங்கள் தாத்தாவின் தாத்தாகூட அப்போது பிறந்திருக்க மாட்டார்.

மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போவதற்காகக் கட்டிய பாலம் அது. இன்று லாரியும் பஸ்ஸும் போகின்றன. எத்தனையோ வெள்ளம் அதன் தூண்களை இடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. இருந்தும் நிற்கிறது. எப்படி நிற்கிறது? இத்தனை ஆண்டுகளாக அதை யார் பார்த்துக்கொண்டார்கள்? இன்னொரு கேள்வியும் உண்டு. ஓர் ஆறு இரண்டு நாடுகளுக்கு நடுவே எல்லையாக ஓடுகிறது, அதன் மேல் ஒரு பாலம் இருக்கிறது என்றால், அந்தப் பாலத்துக்கு யார் பொறுப்பு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தோணித்துறையில் தொடங்கிய கதை

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஓட்டம் சிறியது, வேகம் பெரியது. மலையில் கொட்டும் மழை சில மணி நேரத்தில் சமவெளிக்கு வந்து சேர்ந்துவிடும்.

பாலம் இல்லாத காலத்தில் ஆற்றின் மேற்குக் கரையில் நெல்லையும் கிழக்குக் கரையில் பாளையங்கோட்டையும் தனித்தனி ஊர்களாக இருந்தன. கடக்க வேண்டுமென்றால் கொக்கிரகுளம் துறையில் தோணிக்குக் காத்திருக்க வேண்டும். வெள்ளம் வந்தால் தோணியும் கிடையாது. தோணியில் யார் முதலில் ஏறுவது என்ற தகராறு பெரிய கலவரமாகவே முடிந்தது உண்டு என்று ஊரில் சொல்வார்கள்.

அப்போது கலெக்டராக இருந்தவர் தாம்சன். அவருடைய அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்தவர் சுலோசன முதலியார். சிரஸ்தார் என்றால் கலெக்டர் கச்சேரியில் இந்தியர்களுக்கான உயர்ந்த பதவி. ஆற்றுக்குப் பாலம் கட்டலாம், பணத்தை ஊர்மக்களிடம் திரட்டலாம் என்று முடிவானது. பணம் திரட்டும் பொறுப்பு முதலியாரிடம் வந்தது. கடைசியில் அவர் யாரிடமும் கேட்கவில்லை. ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாய்ச் செலவைத் தாமே ஏற்றுக்கொண்டார் என்றும், அவருடைய மனைவி தம் நகைகளைக் கொடுத்தார் என்றும் நெல்லையில் இன்றும் சொல்கிறார்கள். அந்தக் காலத்து ஐம்பதாயிரம் மலைக்க வைக்கும் தொகை.

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மேல் இருந்த வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்து நெல்லைப் பாலத்தைக் கட்டினார்கள். நீளம் சுமார் 760 அடி. வளைவுகள் 11. ஒவ்வொரு வளைவும் 60 அடி அகலத்தைத் தாண்டுகிறது. ஆர்ச்சு என்று நாம் சொல்வது இந்த வளைவைத்தான்.

வளைவுக்கு ஏன் இவ்வளவு பலம்?

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரே உயரத்தில் இரண்டு புத்தக அடுக்குகளை ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். ஒரு கெட்டி அட்டையைக் குறுக்கே தட்டையாகப் போடுங்கள். நடுவில் ஒவ்வொன்றாக நாணயம் வையுங்கள். சில நாணயங்களிலேயே அட்டை தொய்ந்து விழுந்துவிடும்.

இப்போது அதே அகலமும் கனமும் உள்ள, கொஞ்சம் நீளமான அட்டையை மேல்நோக்கி வளைத்து, அதன் இரண்டு முனைகளும் தரையில் நின்று புத்தகங்களின் பக்கவாட்டில் முட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். உச்சியில் நாணயம் வையுங்கள். இந்தத் தடவை நிறையத் தாங்கும்.

காரணம் இதுதான். தட்டையான பலகையின் நடுவில் பாரம் ஏறினால் அது வளைகிறது. வளையும்போது மேற்பக்கம் நசுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. கல்லை நசுக்குவது கடினம், அதை இழுத்துப் பிளப்பது அதைவிட எளிது. ஆகவே நீளமான கல் பலகை அடிப்பக்கத்தில் விரிசல் விட்டு உடையும். கோயில் மண்டபங்களில் தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? மேலே கிடக்கும் கல் உத்தரம் அதிக தூரம் தாண்டினால் முறிந்துவிடும் என்பதுதான் காரணம்.

வளைவில் கல்லுக்கு இழுபடும் வேலையே கிடையாது. நெருப்புப் பற்றிய இடத்தில் ஊரார் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றிக் கொடுப்பார்களே, அப்படி ஒவ்வொரு கல்லும் தன்மேல் வரும் பாரத்தைப் பக்கத்துக் கல்லிடம் தள்ளிவிடுகிறது. பாரம் உச்சியில் இருந்து இரண்டு பக்கமும் இறங்கி, தூண் வழியாக அடித்தளத்துக்குப் போய்ச் சேர்கிறது. வழி நெடுக கற்கள் நசுக்கப்படுகின்றன, அவ்வளவுதான். அந்த வேலையைக் கல் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் செய்யும்.

சோதனையில் இன்னொன்றும் பாருங்கள். வளைந்த அட்டையின் மேல் நாணயம் இருக்கும்போதே ஒரு பக்கத்துப் புத்தகத்தை நகர்த்துங்கள். அட்டை விரிந்து படுத்துவிடும். வளைவு கீழே மட்டும் அமுக்குவதில்லை, பக்கவாட்டிலும் உதைக்கிறது. சுலோசன முதலியார் பாலத்தின் நடு வளைவுகளில், ஒரு வளைவின் உதையை அடுத்த வளைவின் எதிர் உதை சமன்செய்கிறது. இரண்டு கரையிலும் உள்ள கடைசி வளைவுகளின் உதையைக் கனத்த கரைச் சுவர்கள் வாங்கிக்கொள்கின்றன. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒரு தூண் நகர்ந்தால் அதன் இரு பக்கத்து வளைவுகளும் சமநிலை இழக்கும். அதனால் இத்தகைய பாலத்துக்கு உயிர் தூணின் அடியில்தான் இருக்கிறது.

நெல்லைக்காரர்களுக்கு இன்னொரு வகை வளைவையும் பார்க்க வாய்ப்பு இருக்கிறது. ஜங்ஷனில் ரயில் பாதைக்கு மேலே 1973-ல் திறந்த திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலம் இருக்கிறதே, அதில் வளைவுகள் மேலே எழும்பி நிற்கும். அவை வில்–நாண் வகை. வளைவு வில் என்றால், அதன் இரண்டு முனைகளையும் இழுத்துக் கட்டியிருக்கும் உத்தரம் நாண். பக்கவாட்டு உதையை நாணே பிடித்துக்கொள்வதால் இதற்குக் கனத்த கரைச் சுவர் வேண்டாம். கல்லால் நாண் கட்ட முடியாது. இரும்புக் கம்பி உள்ளே வைத்த கான்கிரீட் வந்த பிறகுதான் இது முடிந்தது. கம்பி இழுபடும், கான்கிரீட் நசுக்கத்தைத் தாங்கும்.

வெள்ளம் தூணை எப்படி அசைக்கிறது?

1869-ல் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. சுலோசன முதலியார் பாலத்தின் ஒரு பகுதி சேதமானது. 1871-ல் அதைச் சீர்செய்தார்கள். வெள்ளம் பாலத்தை முட்டித் தள்ளியிருக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். பெரும்பாலான பாலங்களுக்கு ஆபத்து முட்டித் தள்ளுவதால் வருவதில்லை, அடியில் தோண்டுவதால் வருகிறது.

திருச்செந்தூர்க் கடற்கரையில் அலை திரும்பும்போது அசையாமல் நின்றிருக்கிறீர்களா? குதிகாலுக்கு அடியில் மணல் சரசரவென்று கழன்று போகும். கொஞ்ச நேரத்தில் கால் சாய ஆரம்பிக்கும். தூணுக்கு நடப்பதும் இதுதான். ஓடி வரும் தண்ணீர் தூணில் மோதுகிறது. போக வழியில்லாமல் ஒரு பகுதி கீழ்நோக்கிப் பாய்கிறது. தரையைத் தொட்டதும் சுருண்டு, தூணின் இரு பக்கமும் லாட வடிவில் சுழல்கிறது. அந்தச் சுழல் மணலைக் கிளப்பிக் கிளப்பிக் கொண்டுபோகிறது. தூணைச் சுற்றிப் பள்ளம் விழுகிறது. இதற்கு அடிமண் அரிப்பு என்று பெயர்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தட்டில் ஈர மணலைப் பரப்பி நடுவில் ஒரு பழைய பேட்டரி செல்லை நட்டு வையுங்கள். தட்டை லேசாகச் சாய்த்து, ஒரு பக்கத்தில் இருந்து மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். பள்ளம் முதலில் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். தண்ணீர் வந்து மோதும் பக்கத்தில்தான் விழும்.

தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தூணில் கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். அதனால்தான் சாதாரண நாளில் சாதுவாக இருக்கும் ஆறு வெள்ளத்தில் வேறு ஆளாக மாறுகிறது. தண்ணீரைச் சண்டைக்கு இழுக்காமல் வழிவிட்டு விலக்கும்படி, தண்ணீர் வரும் பக்கம் தூணின் முனையைக் கூர்மையாகவோ வட்டமாகவோ கட்டுவார்கள். இந்த அறிவு நம் ஊருக்குப் புதியதல்ல. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் மோதும் பக்கத்தில் அதன் சுவர் படகு முனை வடிவத்தில் வெள்ளத்தைப் பிளக்கும்படி அமைந்திருக்கிறது. ஒவ்வொரு பெருவெள்ளத்திலும் கோயில் மூழ்குகிறது. தண்ணீர் வடிந்ததும் மீண்டும் பூஜை நடக்கிறது.

அடிமண் அரிப்பில் இன்னொரு தந்திரம் உண்டு. வெள்ளம் வடியும்போது, மேலேயிருந்து வந்த மணல் அந்தப் பள்ளத்தில் படிந்து மூடிவிடும். கரையில் இருந்து பார்த்தால் எல்லாம் பழையபடி இருக்கிற மாதிரி தெரியும். மூடியிருப்பதோ பொலபொலவென்ற புது மணல். அடுத்த வெள்ளத்தில் அது நொடியில் போய்விடும். ஆகவே வெளியில் இருந்து பார்த்து ‘பாலம் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிட முடியாது. தண்ணீருக்குள் ஆள் இறங்கியோ, ஒலி அலையை அனுப்பி எதிரொலியை அளக்கும் கருவியாலோ அடியைப் பார்க்க வேண்டும்.

லண்டன் பாலம் சொல்லும் பாடம்

நெல்லைப் பாலத்துக்கு மாதிரியாக இருந்த வாட்டர்லூ பாலத்துக்கு என்ன ஆனது தெரியுமா? ஜான் ரென்னி என்ற பொறியாளர் வடிவமைத்த அந்தப் பாலம் 1817-ல் திறக்கப்பட்டது. கருங்கல்லில் ஒன்பது வளைவுகள். உலகத்தின் அழகான பாலங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

அதற்குக் கொஞ்சம் கீழே, அதே தேம்ஸ் ஆற்றில் பழைய லண்டன் பாலம் இருந்தது. அதன் தூண்கள் மிகவும் தடிமன், இடைவெளிகள் மிகவும் குறுகல். ஏறக்குறைய ஓர் அணையைப் போலவே அது தண்ணீரைத் தடுத்து வைத்திருந்தது. 1831-ல் புதிய லண்டன் பாலம் திறந்ததும் பழையதை இடித்துவிட்டார்கள். தடை நீங்கியது, ஆறு வேகமெடுத்தது. அந்த வேகம் வாட்டர்லூ பாலத்தின் அடித்தளங்களை அரிக்கத் தொடங்கியது. 1920-களில் ஒரு தூண் வெளிப்படையாகவே கீழே இறங்கியது. 1924-ல் பாலத்தை மூட வேண்டியதாயிற்று. 1930-களில் அதை இடித்து, அதே இடத்தில் வேறு பாலம் கட்டினார்கள்.

மாதிரிப் பாலம் போய்விட்டது. அதைப் பார்த்துக் கட்டிய நெல்லைப் பாலம் நிற்கிறது. இதில் நாம் பெருமைப்படலாம், கூடவே ஒன்றைக் கற்றுக்கொள்ளவும் வேண்டும். பாலத்தில் ஒரு கல்லைக்கூடத் தொடாமல், ஆற்றில் எங்கோ செய்யும் ஒரு மாற்றம் பாலத்தைச் சாய்த்துவிடும்.

தாமிரபரணியில் அப்படிப்பட்ட மாற்றம் எது? மணல் அள்ளுவது. ஆற்றுப்படுகையில் மணலை அள்ள அள்ளப் படுகை கீழே இறங்கும். படுகை இறங்கினால் மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டிய அடித்தளம் வெளியே தெரிய ஆரம்பிக்கும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த மூத்த தலைவர் இரா. நல்லகண்ணு தாமிரபரணி மணலுக்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்து, தாமே வாதாடினார். 2010-ல் ஆற்றில் மணல் அள்ள நீதிமன்றம் தடை விதித்தது. குடிநீருக்கும் விவசாயத்துக்கும் நன்மை செய்த தீர்ப்பு அது. மணலில் காலூன்றி நிற்கும் பாலங்களுக்கும் அதனால் நன்மைதான்.

பாலத்துக்கும் மருத்துவர் வேண்டும்

பாலத்துக்குத் தண்ணீர் மட்டும் எதிரியல்ல. வெயிலும் ஒன்று. ஈரடுக்கு மேம்பாலத்தில் பஸ் போகும்போது ‘தடக், தடக்’ என்று சீராக ஒரு சத்தம் கேட்கும். பாலத்தின் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவே வேண்டுமென்றே விட்டிருக்கும் இடைவெளி அது. வெயிலில் பாலம் நீள்கிறது, குளிரில் சுருங்குகிறது. 100 மீட்டர் நீளமுள்ள இரும்பு உத்தரம் 30 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் நீளும். இடைவெளி இல்லாவிட்டால் ஒன்றையொன்று நெட்டித் தள்ளி உடைத்துவிடும். அந்த இடைவெளியில் கல்லும் மண்ணும் அடைத்துக்கொண்டால் ஆபத்து. யாராவது சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

கடலோரத்தில் உப்புக்காற்று எதிரி. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் காற்று தின்றுகொண்டே இருந்தது. துருவைச் சுரண்டி, பூச்சு அடித்து, பழுதான பாகத்தை மாற்றி என்று ஆட்கள் ஓயாமல் உழைத்ததால்தான் அது அத்தனை காலம் நின்றது. 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன் நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, கப்பல் வரும்போது அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். அதைக் கட்டியது ரயில் விகாஸ் நிகம் என்ற அரசு நிறுவனம். உப்பைச் சமாளிக்கத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் சிறப்புப் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பழைய கல் பாலங்களுக்கு இன்னொரு எதிரி, பறவை எச்சத்தில் விழுந்து முளைக்கும் அரசங்கன்று. சுலோசன முதலியார் பாலம் கட்டிய காலத்தில் இங்கே சிமெண்ட் புழக்கத்துக்கு வரவில்லை. கட்டடம் எல்லாம் சுண்ணாம்புக் காரைதான். சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லக் கல்லாகவே இறுகும். சிமெண்டைவிட அது கொஞ்சம் இளகிக் கொடுக்கும். அந்தக் காரைக்குள் அரசமர வேர் நுழைந்துவிட்டால் ஆண்டுக்கு ஆண்டு தடித்து, கல்லைக் கல்லில் இருந்து நெம்பிப் பிரித்துவிடும். விரல் நீளக் கன்றாக இருக்கும்போது பிடுங்க ஒரு நிமிடம் போதும். மரமான பிறகு பிடுங்கினால் சுவரும் கூடவே வரும்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம் மாநிலச் சாலைகளில் தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையுடையது. 1967-ல் சுலோசன முதலியார் பாலத்தை அகலப்படுத்தினார்கள். பிற்பாடு, போக்குவரத்துப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளப் பக்கத்திலேயே புதிய பாலமும் வந்துவிட்டது. மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் பாலங்களைச் சோதிப்பது பொறியாளர்களின் கடமை. விரிசல் இருக்கிறதா, தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறதா, தூண் இறங்கியிருக்கிறதா, கைப்பிடிச் சுவர் வளைந்திருக்கிறதா என்று பார்த்துக் குறிப்பெழுதுவார்கள்.

பழைய பாலத்தின் பலவீனம் கண்ணில் படாமல் போனால் என்ன ஆகும்? 2016 ஆகஸ்ட் 2 இரவு மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற ஊரில், சாவித்ரி ஆற்றின் மேல் இருந்த வெள்ளைக்காரர் காலத்துக் கல் வளைவுப் பாலம் வெள்ளத்தில் இடிந்தது. இரண்டு அரசுப் பஸ்கள் ஆற்றில் விழுந்தன. பலர் இறந்துபோனார்கள். அதே ஆண்டு இந்திய அரசு பாலங்களுக்கான மேலாண்மை அமைப்பு ஒன்றைத் தொடங்கியது. நாட்டின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்களையும் சிறு பாலங்களையும் கணக்கெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அதன் உடல்நிலையைப் பதிவு செய்தார்கள். வேலை அங்கேதான் தொடங்கவேண்டும். எத்தனை பாலம் இருக்கிறது, அது எப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் எதைப் பழுதுபார்ப்பது?

எல்லைக்கோட்டின் மேல் ஒரு பாலம்

தாமிரபரணியின் இரு கரையும் ஒரே மாவட்டம், ஒரே துறை. இரண்டு கரையும் இரண்டு நாடாக இருந்தால்?

கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே அப்படித்தான். செயின்ட் லாரன்ஸ், செயின்ட் கிளேர், செயின்ட் மேரிஸ் ஆகிய ஆறுகள் பல இடங்களில் நாட்டு எல்லையாகவே ஓடுகின்றன. அவற்றின் மேல் பெரிய பாலங்கள் இருக்கின்றன. தினமும் ஏராளமான லாரிகள் சரக்கோடு ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டுக்குப் போகின்றன. பாலத்தின் நடுவில் துரு பிடித்தால் யார் வண்ணம் அடிப்பது? அடுத்த நாடு பார்த்துக்கொள்ளும் என்று இரண்டு நாடும் இருந்துவிட்டால்?

கனடாப் பக்கத்தில் இதற்கு ஆள் உண்டு. கனடா அரசு 1998-ல் பாலங்களுக்கென்று ஒரு தனி நிறுவனத்தை அமைத்தது. ஃபெடரல் பிரிட்ஜ் கார்ப்பரேஷன் என்பது அதன் பெயர். அதன் முதலாளி அரசு. ஆனாலும் அதற்குத் தனி இயக்குநர் குழு, தனி வரவு செலவுக் கணக்கு, தனிப் பொறியாளர்கள் உண்டு. அதன் பொறுப்பில் அமெரிக்காவை இணைக்கும் நான்கு இடங்கள் இருக்கின்றன. சார்னியா நகரத்தை ஒட்டியுள்ள புளூ வாட்டர் பாலம், சூ செயின்ட் மேரி பாலம், ஆயிரம் தீவுகள் பாலத்தின் கனடாப் பகுதி, கார்ன்வால் நகரத்தில் உள்ள சீவே பாலம்.

புளூ வாட்டர் பாலம் உண்மையில் இரட்டைப் பாலம். முதலாவது 1938-ல் வந்தது, இரண்டாவது 1997-ல். இரண்டாவது பாலத்தின் வடிவம் நமக்குப் பழக்கமானதுதான். ஈரடுக்கு மேம்பாலத்தில் பார்த்தோமே, அந்த வில்–நாண் தத்துவம், இங்கே எஃகில், பெரிய அளவில். பாலத்தில் கனடாப் பாதி அந்த அரசு நிறுவனத்துக்குச் சொந்தம். அமெரிக்கப் பாதி மிச்சிகன் மாநிலப் போக்குவரத்துத் துறைக்குச் சொந்தம். இரு தரப்பும் பேசி ஒப்பந்தம் போட்டு வேலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கடக்கும் வண்டிகளிடம் வாங்கும் சுங்கக் கட்டணம் பராமரிப்புக்கு உதவுகிறது. கனடாவில் குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு பாலத்தின் இரும்பைத் தின்னும். பாம்பனில் கடற்காற்று செய்யும் வேலையை அங்கே சாலை உப்பு செய்கிறது. அதனால் சோதனையும் பூச்சு வேலையும் அங்கேயும் முடிவதே இல்லை.

நம் நாட்டிலும் எல்லைப் பாலம் உண்டு. திரிபுராவில் சப்ரூம் என்ற ஊருக்கும் வங்காளதேசத்தில் ராம்கட் என்ற ஊருக்கும் நடுவே ஃபெனி ஆறு ஓடுகிறது. அதன் மேல் 1.9 கிலோமீட்டர் நீளத்தில் மைத்ரி சேது என்ற பாலம் 2021 மார்ச் 9-ல் திறக்கப்பட்டது. கட்டியது தேசிய நெடுஞ்சாலைகள் மற்றும் உள்கட்டமைப்பு மேம்பாட்டுக் கழகம். 2014-ல் இந்திய அரசு தொடங்கிய, முழுக்க அரசுக்கே சொந்தமான நிறுவனம் அது. எல்லைப்புறங்களிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் சாலையும் பாலமும் அமைப்பதே அதன் வேலை.

இப்படித் தனி நிறுவனம் வைப்பதில் என்ன லாபம்? பாலம் என்பது மெதுவாகப் பழுதாகும் பொருள். இந்த ஆண்டு வண்ணம் அடிக்காவிட்டால் இந்த ஆண்டே விழுந்துவிடாது. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளிப்போட எல்லோருக்கும் தோன்றும். பாலத்தைப் பார்த்துக்கொள்வது மட்டுமே வேலையாக, அதற்கென்றே ஒதுக்கிய பணத்தோடு ஓர் அமைப்பு இருந்தால் அந்த வேலை தள்ளிப்போகாது. துறையாக இருந்தாலும் நிறுவனமாக இருந்தாலும், பொறுப்பு இன்னாருடையது என்று எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

2023 வெள்ளம் காட்டியது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் அதிகமாகப் பெய்தது. பல ஊர்களில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை அந்த அளவுக்குத்தான் இருக்கும். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள்.

ஏரலில் ஆற்றுப் பாலத்தோடு சேரும் சாலையை வெள்ளம் அரித்துக்கொண்டு போனது. போக்குவரத்து துண்டிக்கப்பட்டது. பாலத்தை எவ்வளவு உறுதியாகக் கட்டினாலும், கரையில் இருந்து பாலத்துக்கு ஏறும் மண்மேடு பலவீனமாக இருந்தால் பயனில்லை. மேட்டின் மண்ணைக் கல் பதித்துக் காக்க வேண்டும். தண்ணீர் பரவிப் போக இடம் விட வேண்டும். ஆற்றின் அகலத்தை நாம் சுருக்கினால், அது தனக்கு வேண்டிய அகலத்தைக் கரையை உடைத்து எடுத்துக்கொள்ளும்.

நீங்கள் செய்யக்கூடியவை

பாலத்தைக் காப்பது பெரியவர்களின் வேலை என்று நினைக்காதீர்கள். தினமும் பள்ளிக்கூடத்துக்குப் பாலத்தின் மேல் நடந்து போகும் உங்கள் கண்ணுக்குத் தெரிவது, ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் பொறியாளருக்குத் தெரியாமல் போகலாம்.

பாலச் சுவரில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால், புதிதாக விரிசல் தெரிந்தால், தண்ணீர் வடியும் துளை அடைத்திருந்தால், கைப்பிடிச் சுவர் உடைந்திருந்தால் நீங்களாக ஏறி இறங்கிச் சரிசெய்யப் போகாதீர்கள். எந்த இடம் என்று குறித்துக்கொண்டு ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள். அவர்கள் மூலம் நெடுஞ்சாலைத் துறைக்கோ கலெக்டர் அலுவலக மனுநாளிலோ ஒரு கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு வகுப்பே சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது.

பாலத்தில் இருந்து குப்பையை ஆற்றில் போடாதீர்கள். வெள்ளத்தில் அந்தக் குப்பையும் மரக்கிளையும் தூண்களுக்கு நடுவே அடைத்துக்கொண்டு தண்ணீரைத் தடுத்து நிறுத்தும், அரிப்பு அதிகமாகும்.

கடைசியாக ஒன்று. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போகும்போது கடக்கவே கடக்காதீர்கள். முழங்கால் ஆழம்தானே என்று தோன்றும். கலங்கிய தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று யாராலும் பார்க்க முடியாது. வீட்டில் யாராவது வண்டியை இறக்கப் பார்த்தால் நீங்களே தடுங்கள். தண்ணீர் வடியும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.